திருவனந்தபுரத்தில் சம்பளம் கணித்த கதை

கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற பகுதியில் இருக்கிறது. அது வெளியிடும் வேலை அறிவிப்புகளில் முதல் வரி துறையின் பெயர், இரண்டாவது பதவியின் பெயர், மூன்றாவது சம்பள விகிதம். காலியிடம் எத்தனை என்பதுகூட அதற்குப் பிறகுதான் வருகிறது. பட்டத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் வடக்கே போனால் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க். அங்குள்ள மென்பொருள் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் அந்த மூன்றாவது வரி பெரும்பாலும் இருப்பதில்லை. தகுதிக்கேற்ற ஊதியம் என்று ஒரு பொது வாக்கியம் இருக்கும். படிப்பு, அனுபவம், பதவி, ஊர் ஆகியவற்றைக் கொடுத்தால் சம்பளம் எவ்வளவு வரும் என்று கணிப்பொறி நிரலைக் கொண்டு ஊகிக்கும் வேலை, எழுதப்படாத அந்த வரியை நிரப்ப எழுந்தது. நிரல் புதிது. வேலைக்கு இன்ன கூலி என்று கணக்கிட்ட வழக்கம் இந்த நகரத்தில் பல நூற்றாண்டுப் பழமை உடையது.

பழைய திருவிதாங்கூரில் சம்பளம் என்பது பணமாக மட்டும் இருக்கவில்லை. பத்மநாபசுவாமி கோயிலின் ஓலைப் பதிவுகளுக்கு மதிலகம் ஆவணங்கள் என்று பெயர். சுருணை சுருணையாகக் கட்டிவைக்கப்பட்ட அந்த ஓலைகளில் கோயிலின் வரவும் செலவும் கிடக்கின்றன. கோயிலிலும் அரண்மனையிலும் பணி செய்தவர்களுக்கு நெல்லும் அரிசியும் அளக்கப்பட்டன. சிலருக்கு நிலம் தரப்பட்டது. விருத்தி என்று அழைக்கப்பட்ட அந்த நிலத்தை வைத்திருப்பவர், பதிலுக்குக் கோயிலுக்கும் அரசுக்கும் உரிய பொருளையும் உழைப்பையும் தர வேண்டும். நிலமே ஊதியம் என்பதால் விளைச்சலைப் பொறுத்து ஊதியமும் ஏறி இறங்கியது. இதற்கெல்லாம் கீழே ஊழியம் இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதியாரிடமிருந்து அரசு வாங்கிய கூலியில்லா உழைப்பு அது. அடிமை முறையைத் திருவிதாங்கூர் 1855இல்தான் ஒழித்தது. அதுவரை கூலிக் கணக்கின் ஒரு பெரும் பகுதி பூஜ்யமாகவே இருந்தது என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

பணமாகக் கொடுத்தபோது கணக்கு வேறு விதமாகச் சிக்கலானது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும். பத்து ரூபாய்ச் சம்பளம் என்றால் எந்த ரூபாய் என்று கேட்டாக வேண்டும், ஏனென்றால் ஒன்றில் 280 சக்கரம், மற்றதில் 285. வெள்ளிச் சக்கரம் மிகச் சிறிய நாணயம். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதை ஒவ்வொன்றாக எண்ணுவது ஆகாத காரியம் என்பதால் கருவூலத்தில் சக்கரப் பலகை என்ற மரப்பலகை இருந்தது. வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு குழிகள் தோண்டிய பலகை அது. நாணயங்களை அதன்மேல் கொட்டி மெல்ல ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழுந்து நிற்கும், மிச்சத்தை வழித்துவிடலாம். பலகையில் எத்தனை குழியோ அத்தனை சக்கரம். இந்த நகரத்தில் சம்பளம் எண்ணப் பயன்பட்ட முதல் இயந்திரம் என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

சம்பளத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் திருவிதாங்கூர் அரசு பெற்ற ஆரம்ப காலப் பாடங்களில் ஒன்று 1804இல் வந்தது. வேலுத்தம்பி தளவாய் நாயர் படையினரின் படிகளைக் குறைக்க முனைந்தார். படை கலகத்தில் இறங்கியது. அதை அடக்குவதற்குப் பெரும்பாடு படவேண்டியிருந்தது. 1811 முதல் 1814 வரை ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ நிர்வாகத்தைப் பிரிட்டிஷ் மாவட்டங்களின் பாணியில் மாற்றியமைத்தார். காரியக்காரர் தாசில்தாரானார். பதவிக்கு இன்ன வேலை, இன்ன சம்பளம் என்ற கட்டுக்கோப்பு அப்போது உருவாகத் தொடங்கியது. நூற்றாண்டின் நடுவில் கஜானா வறண்டு ஊழியர்களுக்குச் சம்பளம் பாக்கி விழுந்தது. கும்பகோணத்தில் பிறந்து வந்து திவானான டி. மாதவ ராவ்தான் சில ஆண்டுகளில் அந்தக் கடன்களைத் தீர்த்தார். அவர் காலத்தில், 1865 தொடங்கி 1869க்குள், வில்லியம் பார்ட்டன் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் ஹஜூர் கச்சேரி கட்டப்பட்டது. இன்றைய தலைமைச் செயலகம் அதுதான். அதன் எதிரே நிற்கும் மாதவ ராவ் சிலையால் அந்தச் சந்திப்புக்கே ஸ்டாச்யூ என்று பெயர் நிலைத்துவிட்டது.

கச்சேரி வந்ததும் பதிவேடும் வந்தது. 1875 மே 18ஆம் தேதி திருவிதாங்கூரின் முதல் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது, நடத்தியவர் வி. நாகம் ஐயா. 23,11,379 பேர் என்று கணக்கு வந்தது. யார் என்ன சாதி, என்ன தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்பதெல்லாம் முதன்முறையாக ஒரே இடத்தில் சேர்ந்தன. அரசு ஊழியர் பட்டியல் இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாராவது ஒருவர் துணிந்தால் போதும்.

துணிந்தவர்கள் 1891இல் வந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு ஒன்று அந்த ஆண்டு ஜனவரியில் மூலம் திருநாள் மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. மலையாளி மெமோரியல் என்று வரலாறு அதை அழைக்கிறது. முன்னின்றவர்களில் ஒருவர் ஜி. பரமேசுவரன் பிள்ளை. திருவிதாங்கூரின் பெரிய பதவிகளெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கே போகின்றன, படித்த உள்ளூர்க்காரருக்குக் கிடைப்பதில்லை என்பது மனுவின் சாரம். வெளியூர்க்காரர் என்று அது குறித்தது பெரும்பாலும் தமிழ்ப் பிராமணரை. தமிழ் வாசகருக்கு இது சற்று நெருடலாக இருக்கலாம். ஆனால் ஹஜூர் கச்சேரியின் மேல்நாற்காலிகளில் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால் மனுதாரர்களின் கணக்கில் தவறு சொல்ல முடியாது.

மனுவில் கையெழுத்திட்டவர்களில் பல்பு என்ற மருத்துவரும் உண்டு. 1863இல் திருவனந்தபுரத்தின் பேட்டையில் ஈழவக் குடும்பத்தில் பிறந்தவர். சொந்த ஊரில் மருத்துவப் படிப்புக்கு இடம் மறுக்கப்பட்டு, சென்னைக்குப் போய்ப் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். திருவிதாங்கூர் அரசு வேலை தரவில்லை. மைசூர் அரசு தந்தது. 1896இல் அவர் தலைமையில் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவ மெமோரியல் திவான் சங்கர சுப்பையரின் காலத்தில் அளிக்கப்பட்டது. உடனடிப் பலன் எதுவும் இல்லை.

இன்றைய இயந்திரக் கற்றல் மாடல் ஒன்றிடம் 1890ஆம் ஆண்டின் அரசு ஊழியர் பதிவேட்டைக் கொடுத்தால் என்ன கற்றுக்கொள்ளும்? சம்பளத்தை மிகச் சரியாகக் காட்டிக்கொடுக்கும் விவரம் படிப்பல்ல, சாதியும் பூர்விகமும் என்று கற்றுக்கொள்ளும். பல்புவின் வரியைக் காட்டினால் திருவிதாங்கூரில் இவருக்குச் சம்பளம் இல்லை என்று கணிக்கும். கணிப்பு சரியாகவும் இருக்கும். பிழை அளவு குறைவு என்று அந்த மாடல் பாராட்டும் பெறும். மெமோரியல்காரர்கள் கேட்டது வேறு கேள்வி: அதே படிப்பு, அதே தகுதி, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பொருளியல் இந்தக் கேள்விக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடிக்க 1973 வரை ஆனது. அந்த ஆண்டு அமெரிக்காவில் ரொனால்ட் ஒஹாக்கா, ஆலன் பிளைண்டர் என்ற இருவர் தனித்தனியாக ஒரு முறையை முன்வைத்தார்கள். இரு குழுக்களுக்கு இடையிலான சம்பள வேறுபாட்டில் படிப்பும் அனுபவமும் விளக்கும் பங்கு எவ்வளவு, விளக்காமல் எஞ்சும் பங்கு எவ்வளவு என்று அது பிரிக்கிறது. எஞ்சும் பங்கில்தான் பாகுபாடு ஒளிந்திருக்கக்கூடும். அந்த எச்சத்தின் அளவைக் கணக்கிடாமலே, அது இருக்கிறது என்பதைத் திருவனந்தபுரத்து மனுதாரர்கள் கண்டுகொண்டுவிட்டார்கள்.

மனுக்கள் போராட்டங்களாயின. 1930களில் ஈழவர், கிறித்தவர், முஸ்லிம்கள் சட்டமன்றத்திலும் அரசுப் பதவிகளிலும் உரிய பங்கு கேட்டுச் சேர்ந்து நடத்திய நிவர்த்தனப் போராட்டத்துக்குப் பிறகு, 1936இல் டாக்டர் ஜி. டி. நோக்ஸ் திருவிதாங்கூரின் அரசுப் பணி ஆணையராக நியமிக்கப்பட்டார். பட்டத்தில் இன்று இருக்கும் தேர்வாணையத்தின் வேர் அங்கே இருக்கிறது. சம்பள விகிதத்தை அறிவிப்பிலேயே அச்சிடும் வழக்கத்துக்குப் பின்னால் இவ்வளவு கையெழுத்துகள் உண்டு.

கணிப்பதற்கு வேண்டிய கணிதம் ஊருக்குள் வந்தது அடுத்த பத்தாண்டில். 1937இல் தொடங்கிய திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1945இல் புள்ளியியல் துறையை ஏற்படுத்தியது. லண்டனில் பயின்று திரும்பிய யு. சிவராமன் நாயர் அதன் தலைவர். சிதறிக் கிடக்கும் புள்ளிகளின் ஊடே ஒரு கோட்டை எப்படிப் போடுவது என்பது அங்கே கற்பிக்கப்பட்ட அடிப்படைகளில் ஒன்று. பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகச் சிறிதாக இருக்கும் கோட்டைத் தேர்ந்தெடு என்ற விதியை லெஜாந்தர் 1805இல் வெளியிட்டிருந்தார். வானியலாளர்களுக்காக எழுதப்பட்ட விதி அது. அதைச் சம்பளத்துக்குப் பொருத்தியவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஜேக்கப் மின்சர். 1974இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் துறையின் அடிக்கல். சம்பளத்தின் மடக்கையை எடுத்துக்கொள், ஒரு பக்கம் படித்த ஆண்டுகள், இன்னொரு பக்கம் அனுபவ ஆண்டுகள், கூடவே அனுபவத்தின் வர்க்கம் என்று அந்தச் சமன்பாடு அமைகிறது. வர்க்கம் எதற்கு என்றால், தொடக்க ஆண்டுகளில் வேகமாக ஏறும் சம்பளம் பின்னர் தளர்வதைக் காட்ட. மடக்கை எதற்கு என்றால், சம்பளம் கூட்டலாக அல்லாமல் பெருக்கலாக வளர்வதால். ஒரு வருடப் படிப்பின் கெழு 0.08 என்று வந்தால், கூடுதலாகப் படித்த ஒவ்வொரு வருடமும் சம்பளத்தை ஏறத்தாழ 8 சதவீதம் உயர்த்துகிறது என்று பொருள்.

கேரளத்தின் கூலியை இப்படிப்பட்ட கண்ணோடு ஆராய்வதற்கு 1970களின் தொடக்கத்தில் உள்ளூரிலேயே ஓர் இடம் பிறந்தது. பொருளியலாளர் கே. என். ராஜ், முதல்வர் அச்சுத மேனனின் ஆதரவோடு, உள்ளூர் என்றே பெயர்கொண்ட பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கினார். லாரி பேக்கர் செங்கல்லில் எழுப்பிய அதன் கட்டடங்கள் இன்றும் பார்க்கத்தக்கவை. மையத்தின் ஆய்வாளர்கள் ஐக்கிய நாடுகள் அவைக்காக 1975இல் தந்த அறிக்கை, குறைந்த வருமானத்திலும் கேரளம் கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னேறியதை உலகத்துக்குக் காட்டியது. 1998இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பும் இங்கிருந்து நடந்ததே. வளைகுடாவில் கிடைக்கும் சம்பளம் ஊரில் உள்ள கூலியை எப்படித் தூக்கிவிட்டது என்பதை அறிய அத்தகைய தரவு தேவைப்பட்டது. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரப்படி 2022–23இல் கேரளக் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் ஒரு நாள் கூலி ரூ. 852.50, அகில இந்தியச் சராசரி ரூ. 393.30. ஊர் என்ற ஒரே ஒரு விவரம் கூலியை இரு மடங்குக்கும் மேலாக மாற்றிவிடுகிறது.

ஊர் மட்டுமல்ல, எல்லைக்கோடும் மாற்றும். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்தன. முந்தின நாள் வரை திருவனந்தபுரத்தின் சம்பளப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டிருந்த அலுவலகங்கள் சென்னையின் பட்டியலுக்குள் வந்தன. மேசை, நாற்காலி, கோப்பு எதுவும் நகரவில்லை. இன்று அதே பகுதியின் நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் இளைஞர்கள் ரயிலேறிக் கழக்கூட்டத்து வேலைக்கு வந்து போகிறார்கள்.

அரசு ஊழியர் உலகத்தில் கணிப்புக்கு வேலையே இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதியத் திருத்த ஆணையம் அமர்கிறது, அறிக்கை தருகிறது, அரசாணை வருகிறது. கே. மோகன்தாஸ் தலைமையிலான பதினொன்றாவது ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 2021இல் வந்த ஆணை, 2019 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 16,500லிருந்து 23,000 ஆனது, உச்சம் 1,66,800. கணக்கு எளிது. பழைய அடிப்படை 16,500; அதில் 28 சதவீத அகவிலைப்படி 4,620; பொருத்தப் பலன் 10 சதவீதம், அதாவது 1,650. கூட்டினால் 22,770. பட்டியலில் அதற்கு அடுத்த படி 23,000. அதற்குமேல் முதல் ஆண்டு ஊதிய உயர்வு 700. பேனா இருந்தால் போதும், மாடல் எதற்கு? ஸ்பார்க் என்ற மென்பொருள் இந்தப் பட்டியலைத்தான் இப்போது நடத்துகிறது. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கியது. ஒவ்வொரு ஊழியருக்கும் பென் என்ற நிரந்தர எண், சேவைப் புத்தகம், விடுப்பு, பிடித்தம், பில் எல்லாம் அதற்குள். அது எதையும் ஊகிப்பதில்லை. விதியைப் பிசகாமல் நிறைவேற்றுகிறது.

சம்பள நாளும் அதேபோல முன்கூட்டியே தெரிந்தது. மாதத்தின் முதல் தேதியில் கேரளம் முழுவதும் மதுக்கடைகளை மூடும் வழக்கம் வந்ததற்குக் காரணம், அன்று கையில் சம்பளம் புரளும் என்பதுதான். பட்டியலில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே. 2002இல் முதல்வர் ஏ. கே. அந்தோணி அரசு ஊழியர்களின் சலுகைகளைக் குறைத்தபோது 32 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 1804இல் வேலுத்தம்பி எதிர்கொண்டதன் தூரத்து எதிரொலி என்று ஒருவர் நினைத்தால் தவறில்லை, இந்த முறை துப்பாக்கி இல்லை என்பது தவிர.

பட்டியலுக்கு வெளியே ஓர் ஊதிய உலகம் உருவாகக் காரணமானது மின்னணுத் துறை. நகரை ஒட்டிய தும்பா கடற்கரையில் 1963 நவம்பர் 21ஆம் தேதி முதல் ராக்கெட் ஏவப்பட்ட பிறகு அந்தக் கடற்கரைக்கு வந்த வெளிநாட்டுக் கருவிகளில் சோவியத் நாட்டின் மின்ஸ்க் கணிப்பொறியும் ஒன்று. 1973இல் கே. பி. பி. நம்பியார் தலைமையில் கெல்ட்ரான் தொடங்கியது. மாநில அரசு ஒன்று மின்னணுத் தொழிலுக்கென நாட்டிலேயே முதலில் ஏற்படுத்திய நிறுவனம் அது. தொழில்நுட்பப் பூங்கா என்ற எண்ணமும் அவருடையதே. 1990இல் டெக்னோபார்க் உருவாகி, 1991 மார்ச்சில் முதல்வர் ஈ. கே. நாயனார் அடிக்கல் நாட்ட, 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் நாட்டுக்கு அர்ப்பணித்தார். வைத்தியன் குன்று என்ற மேட்டில் எழுந்த கட்டடங்களுக்குப் பம்பா, பெரியார், நிளா, பவானி, காயத்ரி, சந்திரகிரி என்று ஆறுகளின் பெயர்கள் வைக்கப்பட்டன. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை பார்க்கும் நிலை பின்னர் வந்தது.

அங்கே சம்பளத்தின் பேச்சுமொழியே வேறு. சிடிசி (நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு), வேரியபிள் (மாறும் பகுதி), ஹைக் (உயர்வு), எல்பிஏ (ஆண்டுக்கு இத்தனை லட்சம்) என்று அது புழங்கும். வேலை மாறும்போது முந்தைய சம்பளத்துக்கு மேல் எத்தனை சதவீதம் என்பதே பேரத்தின் தொடக்கம். ஒரே மேசையில் அமர்ந்து ஒரே வேலை செய்யும் இருவரின் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்கலாம்; அடுத்தவருக்கு எவ்வளவு என்று கேட்பது நாகரிகமல்ல. வேடிக்கை என்னவென்றால், புதிதாகச் சேரும் பொறியியல் பட்டதாரிக்கு இங்கும் ஒரு பட்டியல் உண்டு. பெரிய நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு லட்சத்துக்குள்ளேயே நிற்கிறது. மூன்று நான்கு வருடம் கடந்த பிறகுதான் பாதைகள் பிரிகின்றன. அங்கிருந்துதான் ஊகமும் வேண்டியதாகிறது.

ஊகத்துக்குத் தரவு வேண்டும். சம்பளக் கணிப்பின் பாடநூல் உதாரணமாக நெடுங்காலம் விளங்கியது அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டு மக்கள்தொகைத் தரவிலிருந்து எடுத்த ஒரு தொகுப்பு. ஒருவரின் ஆண்டு வருமானம் 50,000 டாலரைத் தாண்டுமா என்பதே அதில் கேள்வி. 2013இல் அட்சுனா என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வேலை விளம்பரத்தின் வாசகத்திலிருந்தே சம்பளத்தைக் கணிக்கச் சொல்லி கேகிள் என்ற தரவு அறிவியல் தளத்தில் ஒரு போட்டி நடத்தியது. இந்தியாவுக்கு நெருக்கமான தொகுப்பை ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் நிறுவனம் 2015இல் திரட்டித் தந்தது. ஏறத்தாழ 4,000 பொறியியல் பட்டதாரிகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண், கல்லூரியின் தரம், பாடப்பிரிவு, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், வேலை கிடைத்த ஊர், சம்பளம் ஆகியவை அதில் உண்டு. பெங்களூரு என்ற ஒரே நகரம் அதில் பல எழுத்துக்கூட்டல்களில் வரும். திருவனந்தபுரத்துக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். பழைய ட்ரிவாண்ட்ரம் 1991இல் அதிகாரபூர்வமாகத் திருவனந்தபுரம் ஆன பின்னும் பாதிப் பேர் பழைய பெயரையே எழுதுகிறார்கள், சிலர் கழக்கூட்டம் என்கிறார்கள், சிலர் டெக்னோபார்க் என்றே ஊர்ப்பெயராக நிரப்புகிறார்கள். சரிசெய்யாவிட்டால் நிரலுக்கு இவை நான்கு ஊர்கள். மாடல் கட்டும் நேரத்தில் பெரும்பகுதி இந்தச் சுத்திகரிப்பில் போகிறது. சூத்திரம் எழுதுவது கடைசி அரைநாள் வேலை.

சுத்தமான தரவு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஐந்தில் நான்கு பங்கு கற்பதற்கு, ஒரு பங்கு சோதிப்பதற்கு. சோதனைப் பங்கை மாடல் முன்னதாகப் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் அது வினாத்தாள் கசிந்த தேர்வு. சம்பளத்துக்கு மடக்கை எடுப்பது இங்கும் தொடர்கிறது. மாதம் 25,000 வாங்குபவருக்குப் பத்தாயிரம் பிசகுவதும் இரண்டரை லட்சம் வாங்குபவருக்குப் பத்தாயிரம் பிசகுவதும் ஒன்றாகாது என்பதால். முதலில் மின்சர் பாணியிலான நேர்கோட்டு மாடலைப் பொருத்திப் பார்ப்பது வழக்கம். அதற்கடுத்து முடிவு மரங்கள். அனுபவம் ஐந்து வருடத்துக்கு மேலா, ஊர் பெங்களூரா என்று கேள்வி கேள்வியாகக் கிளைத்துச் சென்று ஒரு தொகையில் முடிவது ஒரு மரம். ஒரு மரம் எளிதில் ஏமாறும் என்பதால் நூற்றுக்கணக்கான மரங்களை வளர்த்துச் சராசரி எடுக்கும் முறையை லியோ பிரைமன் 2001இல் வகுத்தார். ஒவ்வொரு புதிய மரமும் முந்தைய மரங்களின் பிழையைத் திருத்தும்படி வளர்க்கும் முறையும் அதே காலத்தில் வந்தது. இத்தகைய அட்டவணைத் தரவுக்கு இன்றும் பெரும்பாலும் அந்த முறைதான் கைகொடுக்கிறது.

இந்தக் கருவிகளெல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பைத்தான் மொழியும், 2010இல் வெளியான சைக்கிட்-லேர்ன் நிரல்தொகுப்பும் திறந்த மூலத்தவை. கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கைக்குத் திருவனந்தபுரத்தில் தனி மரபு உண்டு. அந்தக் கொள்கையை முன்னெடுத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்திய அறக்கட்டளை 2001இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. டெக்னோபார்க்கில் 2000இல் தோன்றி, பின்னர் மங்கலபுரத்துக்குப் பெயர்ந்து டிஜிட்டல் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனத்திலும், மாநில அரசின் துணையோடு நடக்கும் ஐசிடி அகாடமியிலும் தரவு அறிவியல் படிக்கும் மாணவருக்குச் சம்பளக் கணிப்பு பழகுவதற்கு ஏற்ற கணக்கு. விடை எல்லோருக்கும் புரியும், ஏறுமாறாக வந்தால் உடனே தெரிந்துவிடும்.

படிப்பு, அனுபவம் போன்ற நெடுவரிசைகளோடு பாலினம், சாதி போன்றவற்றைச் சேர்ப்பதா என்ற கேள்வி இங்கே எழுகிறது. பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் போய்விடுவதில்லை. பெயர், சொந்த ஊர், பள்ளி, கல்லூரி, வேலையில் விழுந்த இடைவெளி ஆகியவை அதே விவரத்தை மறைமுகமாகச் சொல்லிவிடும். பிரசவத்துக்காக இரண்டு வருடம் விடுப்பெடுத்த பெண்ணுக்கு மாடல் குறைத்துக் கணித்தால், அது கற்ற தரவில் அப்படிப்பட்ட பெண்களுக்குக் குறைத்தே கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 1890ஆம் ஆண்டின் பதிவேட்டிலிருந்து இது தன்மையில் வேறுபட்டதல்ல. நேர்மையான மாடல்காரர் அந்த நெடுவரிசைகளைக் கணிப்பதற்குப் பயன்படுத்தாமல், சோதிப்பதற்காக வைத்துக்கொள்கிறார்: எந்தக் குழுவுக்கு மாடல் தொடர்ந்து குறைத்துச் சொல்கிறது என்று பார்க்க.

கட்டிய மாடலைப் பிறர் பயன்படுத்தும்படி நிறுவுவது தனிக் கலை. பயிற்சி பெற்ற மாடல் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. பைத்தான்காரர்கள் அதைப் பிக்கிள், அதாவது ஊறுகாய் போடுவது, என்கிறார்கள். ஃபிளாஸ்க் போன்ற சிறிய வலைச்சட்டகம் ஒன்று வாசலில் நின்று, படிவத்தில் நிரப்பிய விவரங்களை வாங்கி, பயிற்சியின்போது செய்த அதே மாற்றங்களைச் செய்து, கோப்புக்குள் அனுப்பி, வரும் மடக்கையை ரூபாயாக்கித் தருகிறது. தடுக்கி விழும் இடம் அந்த மாற்றங்கள்தான். பயிற்சியில் ட்ரிவாண்ட்ரத்தைத் திருவனந்தபுரமாக்கிவிட்டு, வாசலில் அதைச் செய்ய மறந்தால் மாடல் தெரியாத ஊர் என்று விழிக்கும், அல்லது விழிக்காமலே தப்பான தொகையைச் சொல்லும். இரண்டாவது மோசம். விவரமறிந்தவர்கள் ஒற்றைத் தொகையைக் காட்டாமல் ஒரு வரம்பைக் காட்டுகிறார்கள். எட்டு லட்சத்திலிருந்து பன்னிரண்டு லட்சத்துக்குள் என்பது, 9,87,432 என்பதைவிட உண்மைக்கு நெருக்கம்.

பெயர், சம்பளம், பணி வரலாறு ஆகியவை தனிநபர் தரவு என்பதால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்கும் பொருந்துகிறது. எந்த நோக்கத்துக்கு என்று சொல்லி வாங்கினார்களோ அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும். ஒரு மாடலை நிறுவியபின் அது மெல்ல மெல்லப் பழசாகிறது என்பது இன்னொரு தொல்லை. 2020இல் தொற்றுக்காலம் வந்து, கழக்கூட்டத்து ஊழியர் பலர் கொல்லத்திலும் பத்தனம்திட்டையிலும் வீட்டில் இருந்தபடியே வேலை பார்த்தார்கள். அதுவரை சம்பளத்தைப் பெரிதும் தீர்மானித்த ஊர் என்ற நெடுவரிசையின் பொருளே குழம்பியது. 2019 வரையிலான தரவில் பயின்ற மாடல், பழைய சம்பளத்தைப் புதிய ஊரில் தேடிக்கொண்டிருந்தது. நிறுவனங்களும் வேலை தேடுபவர்களும் ஒரே வகைத் தளங்களைப் பார்த்துப் பேரம் பேசத் தொடங்கினால், கணித்த தொகையே தரும் தொகையாகி, அது மறுபடி தரவாகத் திரும்பி வரும். ஊகம் அப்படிப் பட்டியலாக இறுகிவிடக்கூடும். யாரும் கையெழுத்திடாத, அரசாணை எண் இல்லாத பட்டியல்.

எந்த மாடலுக்கும் பிடிபடாத ஒரு கூலியும் இந்த ஊரில் இருந்தது. சரக்கை உரிமையாளரே இறக்கினாலும், இயந்திரம் இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்ததற்காகச் சுமைத் தொழிலாளர் குழு கேட்கும் நோக்குக்கூலி அது. படிப்பு, அனுபவம், வேலை நேரம் எதையும் வைத்து அதைக் கணிக்க முடியாது. அன்று அங்கே எத்தனை பேர் நின்றார்கள் என்பதே கணக்கு. 2018 மே 1ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, கேரள அரசு அதற்குத் தடை விதித்தது.